ஒரே இடத்தில் வருகிற புள்ளி

கர்ர்ர் என்று இழுத்தது. கொளக்கென்று எதையோ விழுங்கியது. பிறகு ஸ்ஸ்ஸென்று நீளமாக விட்டது. சென்னியப்பன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ராத்திரி ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குகிறவன், கம்பெனியில் கழித்துப்போட்ட கறுப்புப் பனியன் துணியில் ஒரு பட்டை கிழித்து வந்து கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். அந்த இருட்டுக்குள் கிடந்தபடி, சத்தம் தன் நெஞ்சிலிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று பார்த்தான். மூச்சை நிறுத்தினான். சத்தம் நிற்கவில்லை. கர்ர்ர். கொளக். ஸ்ஸ்ஸ். அப்பாடா, வாசல் குழாய். திருப்பூரில் அவன் இருக்கிற லைன் வீடுகளுக்குத் தண்ணீர் எட்டு நாளைக்கொரு தரமோ பத்து நாளைக்கொரு தரமோ வரும். வருவதற்கு முன்னால் காற்று வரும். எங்கோ திறந்துவிட்ட தண்ணீர், வறண்டு கிடந்த குழாய்க்குள் இருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு வரும். அரை மணி நேரமும் தள்ளும், இரண்டு மணி நேரமும் தள்ளும், சில நாள் காற்றை மட்டும் அனுப்பிவிட்டு நின்றும் போகும். இன்றைக்கு எந்த மாதிரி என்று இப்பவே சொல்ல முடியாது. இப்பவே சொல்ல முடியாது. டாக்டர் சொன்ன வார்த்தை அது. தூக்கத்திலிருந்து எழுந்த இந்த ஒரு நிமிஷம், பத்து நாளில் முதல்முறையாக, அதை மறந்திருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரிந்தவுடன் மறதி போய்விட்டது. கதவைத் தட்டுகிற சத்தம். "ஏனுங்ணா, காத்து வந்துருச்சு. எந்திரிச்சு ட்ரம்மைக் கழுவுங்க. அப்பறம் எங்க ஊட்டுக் குடத்தையே பாத்துட்டு நிக்காதீங்க." பக்கத்து வீட்டு ஜம்ரூத். "வர்றேன் ஜம்ரூத்." "போன தடவையும் இப்படித்தான் வர்றேன் வர்றேன்னீங்க. சாயங்காலம் உங்க ஊட்டு அக்கா வந்து என்னையவல்ல புடிச்சுச்சு, ஏன்டி அந்த மனுசனை எழுப்பலைன்னு." அவள் செருப்புச் சத்தம் போனது. துணிப்பட்டையை அவிழ்த்தான். மத்தியான வெளிச்சம் சிமெண்ட் அட்டைக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்து தரையில் ஒரு வட்டமாகக் கிடந்தது. வெள்ளையாக. சின்னதாக. அதைப் பார்க்காமல் தாண்டினான்.

ட்ரம் நீல நிறத்து பிளாஸ்டிக் ட்ரம். அடியில் கொழகொழவென்று பாசி. அதைப் படுக்கப்போட்டுத் தலையை உள்ளே விட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கவேண்டும். தேய்த்தான். உள்ளே தன் மூச்சு பெரிதாகக் கேட்டது, வேறு யாரோ அடியில் உட்கார்ந்து திருப்பி விடுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் கை நின்றுவிட்டது. மூச்சு உள்ளே போகிறது, போகவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் ஓரிடத்தில் போய்த் தட்டித் திரும்புகிறது. சட்டைப் பைக்குள் கை விட்டால் அடித்தையல் தட்டுமே, அப்படி. முன்பெல்லாம் பை இவ்வளவு சின்னதாக இருந்ததா? முன்பு எங்கே கை விட்டுப் பார்த்தான். நாற்பத்தொன்பது வயசுவரைக்கும் மூச்சு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் விட்டுக்கொண்டிருந்தவன். நாரை ட்ரம்முக்குள்ளேயே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்ட பந்துக்கருவி ஜன்னல் திட்டில் இருந்தது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் மூன்று பந்தும் மேலே எழும்ப வேண்டும். அவனுக்கு இரண்டு எழும்பும். மூன்றாவது லேசாக அசைந்து, இருக்கிறேன் என்று காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் அது. துணியில் குற்றம் பார்க்கிற செக்கிங் ஹாலில் ஒருத்தன் தும்மினான், வாரத்துக்குள் ஹாலே இருமியது. எல்லோரும் சுக்குத் தண்ணீரும் மாத்திரையுமாகத் தேறி வந்து துணியைப் பிடித்தார்கள். அவனுக்கு மட்டும் நெஞ்சில் இறங்கியது. ஒரே ஹால், ஒரே காற்று, எல்லோரும் அதைத்தானே குடித்தார்கள்? மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் விடிய விடிய "கண்ணு, கொஞ்சம் காத்து போடச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காலையில் கட்டில் காலியாக இருந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா என்று நர்ஸிடம் கேட்டான். அவள் அவனுடைய குழாயைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

அவனும் தேறினான்தான். வேலைக்குப் போனான்தான். ஆனால் படியேறினால் இழுத்தது, விட்டுப்போன இருமல் திரும்பி வந்தது, அதற்காகத்தான் நெஞ்சு ஸ்கேன். அந்த டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார், கல்யாண மோதிரம் புதுசு. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் சுற்றிச் சுற்றிக் காட்டினார். "வைரஸ் காய்ச்சல் நுரையீரல்ல தடம் விட்டுட்டுப் போயிருக்குங்க. இங்க பாருங்க, பனி மூடின மாதிரி இருக்கில்ல, இது நெறையப் பேருக்கு மூணு மாசத்துல தானாக் கலைஞ்சிரும். இதைப் பத்திக் கவலை வேண்டாம்." சரி. இதைப் பற்றி வேண்டாம். அப்படியானால் எதைப் பற்றி? பேனா கீழே இறங்கி ஓரத்தில் நின்றது. "இந்தப் புள்ளி மட்டும். காய்ச்சல் விட்ட தழும்பாவும் இருக்கலாம். வேற எதாவதாவும் இருக்கலாம். இப்பவே சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு இன்னொண்ணு எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத் தெரியும்." வேற எதாவது என்றால் என்னங்க என்று கேட்க வாயெடுத்தவன், "அதுவரைக்கும் மாத்திரை?" என்றான். "ஒண்ணும் வேண்டாங்க." "சாப்பாட்டுல எதாச்சும் ஒதுக்கணுங்களா?" "வேண்டாம். எல்லாம் சாப்பிடுங்க." "அப்ப நான் என்னதாங்க பண்றது?" டாக்டர் சிரித்தார், கெட்ட சிரிப்பில்லை. "இருங்க. அவ்வளவுதான். பீடி கீடி இல்லீல்ல?" இல்லை. பீடி இல்லை, தண்ணி இல்லை. ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் இருந்திருந்தால் இன்றைக்கு அதை விட்டுவிட்டாவது இருக்கலாம். விடுவதற்குக்கூட ஒன்றுமில்லாமல் கையை வீசிக்கொண்டு வெளியே வந்தான். பஸ்ஸில் வரும்போதே ரிப்போர்ட்டைப் படித்துவிட்டான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இங்கிலீஷ் படித்தது அட்டைப்பெட்டிகளில் அடித்திருக்கும் எழுத்தைப் பார்த்தும், பழைய புத்தகக் கடையில் வாங்கிய அட்டையில்லாத அகராதியை ராத்திரி டீ இடைவேளைகளில் புரட்டியும்தான். வீட்டுக்கு வந்ததும் அந்த அகராதியைக் கொண்டு ரிப்போர்ட்டை ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்தான். தேய்த்த கண்ணாடி போன்ற மங்கல், என்று வந்தது. தேய்த்த கண்ணாடி அவனுக்குத் தெரியும். அவனுடைய செக்கிங் மிஷினில் துணி ஓடுவதே அதன் மேல்தான். அடியில் குழல் விளக்கு, மேலே அந்தப் பால் நிறக் கண்ணாடி, அதன்மேல் ராவெல்லாம் துணி. எத்தனையோ வருஷமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி எப்போது உள்ளே போனது? துணிப் பஞ்சு போகும் என்று தெரியும், தும்மினால் மூக்கிலிருந்து அன்றைய ஆர்டரின் கலரே வரும். கண்ணாடியுமா?

அப்பா இருமியதும் இதே மாதிரிதான். இதே மாதிரியா? இல்லை, அப்பாவுடையது ஈர இருமல். அவர் பஞ்சு அரைக்கிற ஜின்னிங் ஃபேக்டரியில் இருந்தார். ராத்திரியில் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவார், விடிந்ததும் தலைமயிரில் ஒட்டிய வெள்ளைப் பஞ்சைத் தட்டிவிட்டு வேலைக்குப் போவார், தட்டத் தட்டப் போகாத வெள்ளை ஒருநாள் வந்தபோது அதை நரை என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் கொஞ்ச நாள் ஆனது. அவருக்கு யாரும் படம் எடுக்கவில்லை. அவர் நெஞ்சில் புள்ளி இருந்ததா கோடு இருந்ததா யாருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது ஒரு சவுகரியம். இருமினார், இருந்தார், ஒருநாள் இல்லை. இருந்தவரைக்கும் இருந்தார். இவனுக்கு அந்தச் சவுகரியம் இல்லை. இவன் உள்ளே இருப்பது இவன் வீட்டு பீரோ மேலே ஒரு பெரிய கவருக்குள் இருக்கிறது. அவன் மனைவி ருக்குமணி அன்றைக்கு வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகக் கவரைத்தான் பார்த்தாள். "என்னவாமா?" "நார்மல்." "நார்மல்னா?" "நார்மல்னா நார்மல்தான் புள்ள. ஒண்ணுமில்லையாம்." அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு "செரி, சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் கேட்கவேயில்லை. கேட்கவில்லையே என்று நிம்மதியாகவும் இருந்தது, கேட்கவில்லையே என்று கோபமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். அவளும் செக்கிங்தான், தைத்து முடித்த உருப்படிகளைப் பார்க்கிற பகல் செக்கிங், வேறு கம்பெனி. இவன் போகிற நேரம் அவள் வருவாள், அவள் போகிற நேரம் இவன் வருவான். கட்டிலில் அவள் படுத்த சூட்டில் இவன் படுப்பான். இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரே வியாதி உண்டு, ஸ்டிக்கர். துணியில் குற்றம் இருக்கிற இடத்தில் ஒட்டுகிற சின்ன அம்பு ஸ்டிக்கர், இவன் கம்பெனியில் சிவப்பு, அவள் கம்பெனியில் மஞ்சள். எப்படியாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். அவள் முழங்கையில், கொண்டையில், சோற்றுப் போசியின் அடியில் மஞ்சள் அம்பு. இவன் சட்டைக் காலரில் சிவப்பு. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அதைத்தான் பொட்டாக வைத்துக்கொண்டு திரிவாள். "எம் மூஞ்சியில என்னம்மா டேமேஜு?" என்று பெரியவளானதும் கேட்பாள். "வாயி" என்பாள் ருக்குமணி.

குழாய் விழுங்கியது. ஒரு சொட்டு விழுந்தது. துருப்பிடித்த மஞ்சள் சொட்டு. பிறகு மறுபடி காற்று. லைனில் எல்லா வாசலிலும் குடங்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ட்ரம்மைக் கழுவி முடிக்கவேண்டும், இன்னும் முடிக்கவில்லை, உட்கார்ந்தே இருந்தான். நேற்று இந்நேரம் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்று நினைத்துக்கொண்டான். நேற்றுத் தூக்கம் வராமல் எழுந்து, கவரை எடுத்து, படத்தை ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் போட்டு மாட்டினான். வெயில் பின்னாலிருந்து அடித்தது. பத்து நாளாக அதைப் பார்க்கப் பயந்தவன், வெளிச்சத்துக்கு முன்னால் ஒன்றைத் தொங்கவிட்டதும் தானாக முன்னால் குனிந்தான், கைகளைப் பின்னால் கட்டினான், கண் மேலிருந்து கீழே ஓடத் தொடங்கியது. ஒரே தாளில் கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புக் குளங்கள், நடுவில் எலும்பு. இந்தக் கட்டத்தில் புள்ளி இல்லை. இதில் இல்லை. இதில் வந்துவிட்டது. அடுத்ததிலும் அதே இடம். அடுத்ததிலும். அதே ஓரம், அதே தூரம். அவன் நிமிர்ந்தான். அட. அடடா. எந்தச் செக்கரும் முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது அது. எண்ணெய்க் கறையோ ஓட்டையோ அங்கொன்று இங்கொன்றாக வந்தால் துணியின் குற்றம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மிஷின் குற்றம், பின்னுகிற மிஷினில் ஒரு ஊசி உடைந்திருக்கும், அது போகிற இடமெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போகும். துணியைக் கழிக்காதே, போய் ஊசியை மாற்று. ஒரே இடத்தில் வருகிறதே! படம் எடுத்த மிஷினில் ஏதோ கோளாறு. கண்ணாடியில் ஒரு தூசி, உள்ளே ஒரு கீறல். நெஞ்சில் ஒன்றும் இல்லை. டாக்டர் பாவம், அவருக்குத் துணி தெரியாது. சட்டைப் பையைத் துழாவி, ஸ்டிக்கர் சுருளை எடுத்து, புள்ளி வருகிற ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினான். வரிசையாக நின்றன. கோணாமல் நேராக நின்றன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? படத்தைக் கவருக்குள் போட்டு பீரோ மேலே வைத்துவிட்டுப் போனவன், நேற்று ராத்திரி துணி ஓடும்போது பாடக்கூடப் பாடினான். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "என்ன சென்னி, லாட்டரியா?" என்றான். "அப்படித்தான் வச்சுக்க." காலையில் வந்து கவரை பீரோ மேலேயே விட்டுவிட்டுப் படுத்தான். எழுந்ததும் ஸ்கேன் எடுத்த இடத்துக்கு ஃபோன் செய்வது என்று வைத்திருந்தான். எழுந்தாயிற்று. ஏன் இன்னும் செய்யவில்லை?

ஃபோன் அடித்தது. எடுத்தான். ருக்குமணி, பின்னால் தையல் மிஷின்களின் இரைச்சல். "ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா?" "காத்துத்தான் வருது." "ட்ரம்மு?" "கழுவிட்டேன்." இன்னொரு பொய், சின்னது. "செரி. இங்க பாருங்க, குடத்தை ரொப்பி ரொப்பித் தூக்காதீங்க. பாதிப் பாதியாக் கொண்டுபோயி ஊத்துங்க." "பாதிக் குடமா? அது என்னைக்கு ரொம்பறது?" "ரொம்புற வரைக்கும் ரொம்பட்டும். நின்னா நிக்கட்டும்." அவள் வைத்துவிட்டாள். அவன் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். ருக்குமணியா இது? குடத்தின் கழுத்தில் இரண்டு விரல் குறைந்தால், வருகிறதே பத்து நாளைக்கு ஒருதரம், இந்த லட்சணத்தில் பிடித்தால் நாக்கை நனைக்கிறதா என்று சண்டைக்கு வருகிறவள். காய்ச்சல்காரன் என்று இரக்கம் போலிருக்கிறது. இருக்கும். காய்ச்சல் வந்து போனவனுக்கு யாரும் சொல்வதுதானே. அதை அங்கேயே விட்டான். விடவில்லை, அது ஒரு நூல்பிசிறு மாதிரி எங்கோ ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. கையில்தான் ஃபோன் இருக்கிறதே, ஸ்கேன் எடுத்த இடத்தில் இப்போதே கேட்டுவிட்டால் என்ன? கேட்காவிட்டால் இந்தச் சந்தோஷம் இன்னும் கொஞ்ச நாள் கெடாமல் இருக்கும். மூன்று மாசம்கூட இருக்கும். கேட்காமலே இருக்கலாமே. விரல் அதற்குள் நம்பரை அழுத்திவிட்டிருந்தது.

"சொல்லுங்க சார்." சின்னப் பெண் குரல். பெயரையும் எடுத்த தேதியையும் சொன்னான். பிறகு, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கேயோ போய்விட, "ஏம்மா, உங்க மிஷின்ல எதாச்சும் ரிப்பேரு இருந்துச்சுங்களா?" என்றான். "ரிப்பேரா? இல்லையே சார். ஏன்?" "எம் படத்துல ஒரு புள்ளி வருதும்மா. ஒரே இடத்துல. அடுத்தடுத்த படத்துலயும் அதே இடத்துலயே வருது. ஒரே இடத்துல வந்தா அது மிஷினுதானுங்களே?" சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான், சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், பிரெட் பாக்கெட் வாங்குவீங்கல்ல? வெட்டி வெட்டி வச்சிருக்குமில்ல. அப்படித்தான் சார். மேலருந்து கீழ வரைக்கும் உங்க நெஞ்சை அப்படி வெட்டி வெட்டி எடுத்ததுதான் அத்தனை படமும். பிரெட்டுக்குள்ள ஒரு எறும்பு ஓட்டை போட்டுட்டுப் போச்சுன்னா பக்கத்துப் பக்கத்துத் துண்டுலயெல்லாம் அதே எடத்துலதானே சார் ஓட்டை இருக்கும்?" "ம்." "மேல இருக்கற துண்டுல இருக்காது, கீழ இருக்கறதுல இருக்காது. நடுவுல மட்டும் இருக்கும்." "ம்." "மிஷின் ரிப்பேருன்னா எல்லாத்துலயும் வரும் சார். உங்களுக்கு அப்பறம் எடுத்தவங்களுக்கும் வரும்." அது அவனுக்குத் தெரியும். அதுதானே முதல் வாரப் பாடத்தின் இரண்டாவது பாதி. உடைந்த ஊசி ஒரு ரோலோடு நிற்காது. நேற்று ஏன் அது ஞாபகம் வரவில்லை? "சார்? டாக்டர் என்ன சொன்னாருங்க?" "இருக்கச் சொன்னாரு." "அப்ப இருங்க சார். நெறையப் பேருக்குத் தழும்பாத்தான் இருக்கும்." "செரிம்மா. வைக்கிறேன்." நல்ல பெண். யார் பெற்ற பிள்ளையோ. எறும்பு என்றாளே. புழு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

எறும்பு போய்விட்டதா, உள்ளேயே இருக்கிறதா? ஓட்டைதான் மிச்சமா? அவன் எழுந்து உள்ளே போனான். எதற்கு எழுந்தோம் என்று நடு வீட்டில் நின்றான். அம்புகளைப் பிய்க்கவேண்டும். மூன்று மாசம் கழித்து இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும், அந்த டாக்டர் இதை விளக்குப் பெட்டியில் மாட்டினால் வரிசையாகச் சிவப்பு அம்பு நிற்கும், என்னங்க இது என்பார், துணிங்க என்று சொல்வதா? நாற்காலியில் ஏறிக் கவரை இறக்கினான். அதற்கே மூச்சு தட்டியது. படத்தை ஜன்னலில் மாட்டினான். நேற்றைய வெயில்தான், நேற்றைய கட்டங்கள்தான். இன்றைக்கு அது துணியாகத் தெரியவில்லை. ரொட்டியாகவும் தெரியவில்லை. தன் நெஞ்சு, தன்னுடையது, படுத்துக்கிடந்தவனைக் கேட்காமல் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். முதல் அம்பை நகத்தால் கிள்ளிப் பிய்த்தான். வந்தது. இரண்டாவது. சுவரில் ஒட்டினான். எந்த அம்பு இருந்ததோ அந்த இடத்தில் புள்ளி அப்படியே இருந்தது, அம்பு இல்லாமலும் அது தெரிந்தது, இனி எப்போதும் தெரியும். பிய்த்துக்கொண்டே வந்து கடைசிச் சிவப்பையும் எடுத்ததும் கை நின்றது. அதற்கு அடுத்த கட்டத்தில் ஒரு மஞ்சள் அம்பு.

மஞ்சள். அவன் ஒட்டவில்லை. அவனிடம் மஞ்சளே கிடையாது. அடுத்த கட்டத்தில் புள்ளி இல்லை என்று நேற்று விட்டுவிட்டிருந்தான்; இப்போது அம்பு காட்டுகிற இடத்தைக் குனிந்து, இன்னும் குனிந்து பார்த்தான். இருந்தது. மங்கலாக, தேய்ந்து, முடியப்போகிற ஒன்றின் வால் மாதிரி இருந்தது. ராத்திரிக் கண் அவனுடையது, அவளுடையது பகல் கண். அவனுக்குத் தப்பியது அவளுக்குத் தப்பவில்லை. எப்போது? நேற்று ராத்திரிதான். அவன் அங்கே பாடிக்கொண்டிருந்தபோது. நாற்காலி போட்டு ஏறியிருப்பாள், ஜன்னலில் வெளிச்சமில்லை, குழல் விளக்குக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருப்பாள், தலைக்குமேல், கை கடுக்கக் கடுக்க. சிவப்பு அம்புகளை ஒவ்வொன்றாகப் படித்திருப்பாள். ஒன்று விட்டுப்போச்சே என்று ஒட்டியிருப்பாள், வேலைப் பழக்கத்தில். அல்லது அப்படியெல்லாம் இல்லையோ. எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வருகிற சனியன்தானே அது, அவள் முழங்கையிலிருந்து விழுந்து ஒட்டியிருக்கலாம், பீரோவைத் துடைக்கும்போது, கவரை நகர்த்தும்போது. கவருக்குள்ளேயா? தாளின் மேலேயா? அந்தக் கட்டத்திலேயா? அப்படியும் நடக்கும். நடக்காது என்று எப்படிச் சொல்வது? ஒட்டினாளா விழுந்ததா, தழும்பா வேறு எதாவதா, காற்று மட்டுமா தண்ணீரும் வருமா. கேட்டுவிடலாம். சாயங்காலம் அவள் வருகிற நேரம் இவன் கிளம்புகிற நேரம், வாசலில் கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் கேட்டுவிடலாம். நீ பாத்தியா புள்ள? அவள் இல்லை என்பாள். நார்மல்னுதானே சொன்னீங்க என்பாள். அவள் பொய் சொன்னாலும் இவனுக்குத் தெரியாது, இவன் சொன்னது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. பாதிப் பாதியாகக் கொண்டுபோய் ஊற்றுங்க. நின்னா நிக்கட்டும். காலையில் வந்தபோது வெந்நீர் போட்டு வைத்திருந்தாள், அதையும் காய்ச்சல் இரக்கம் என்றுதான் ஊற்றிக்கொண்டான். மஞ்சள் அம்பின்மேல் நகத்தை வைத்தான். எடுத்தான். டாக்டர் கேட்டால் கேட்கட்டும். அதை மட்டும் விட்டுவிட்டுப் படத்தைக் கவருக்குள் தள்ளி, எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே பீரோ மேலே வைத்தான். சுவரில் ஒட்டிய சிவப்புகளை உருட்டி ஜன்னலுக்கு வெளியே எறிந்தான்.

"அண்ணோவ்! தண்ணி!" ஜம்ரூத்தின் சத்தம் லைன் முழுக்கப் போனது. குடங்கள் உருண்டன, யாரோ யாரையோ திட்டினார்கள், குழாய் கடைசியாக ஒரு தரம் கக்கிவிட்டுச் சீராக விட ஆரம்பித்தது. முதலில் செந்நிறம், பிறகு கலங்கல், பிறகு தெளிவு. அவன் வெளியே வந்தான். ட்ரம் படுத்தபடியே கிடந்தது, உள்ளே நார், அடியில் பாதிப் பாசி. "கழுவுனதா இது? ஏனுங்ணா, உள்ள மீனு வளக்கறீங்களா?" "ஆமா, உனக்கொண்ணு தர்றேன், கொழம்பு வெச்சுக்க." "ஐயே!" என்று சிரித்துக்கொண்டே அவள் தன் குடத்தை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். அவன் குனிந்து தலையை ட்ரம்முக்குள் விட்டான், நாரைத் தேடி எடுத்தான், விட்ட இடத்திலிருந்து தேய்த்தான். மூச்சு தட்டியபோது நின்றான், தட்டாதபோது தேய்த்தான். கவிழ்த்து அலசி, உள்ளே உருட்டிப்போய் நிறுத்தினான். குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தான். தண்ணீர் உள்ளே விழுந்து சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. பாதிக்கு வந்ததும் எடுத்தான். "ரொம்பலீங்ணா," என்றாள் ஜம்ரூத். "போதும்," என்றான். இடுப்பில் வைத்து, மெதுவாக, உள்ளே கொண்டுபோய் ட்ரம்மில் ஊற்றிவிட்டுத் திரும்ப வந்து குடத்தை வைத்தான்.